ஆத்தூர் வெள்ளரிக்குச் சர்க்கார் தேனீ வந்த வரலாறு

தேனீக்களுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுத்த ஊர் என்று பூமண்டலத்தில் ஒன்று உண்டென்றால் அது தூத்துக்குடிதான். மற்ற ஊர்களில் தேனீ தன் இஷ்டத்துக்குப் பறக்கிறது. தோன்றிய பூவில் உட்காருகிறது. ஒருவரையும் கேட்காமல் காய் பிடிக்க வைத்துவிட்டு, கையெழுத்துக்கூடப் போடாமல் போய்விடுகிறது. இந்த அராஜகத்துக்கு முடிவு கட்டிய மகான் காசிலிங்கம் அவர்கள். அவருக்கு இன்னும் யாரும் சிலை வைக்கவில்லை என்பது இந்த ஜில்லாவுக்கே வெட்கக்கேடு.

காசிலிங்கம், கடற்கரைச் சாலையில் இருந்த முத்துக் காவல் ஆபீஸின் சூப்பிரண்டு. கடலுக்கு அடியில் கிடக்கும் முத்துச் சிப்பிகளை யாரும் களவாடிவிடாமல் பார்த்துக்கொள்வது அந்த ஆபீஸின் வேலை. கதை நடந்த 1944-ஆம் வருஷத்தில், கடைசியாக முத்துக் குளித்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. சிப்பிகள் எங்கே போயின என்று கடலுக்கே தெரியாது. ஆனால் காவல் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ‘இவ்வருஷமும் ஒரு முத்துகூடத் திருட்டுப் போகவில்லை’ என்று வருஷா வருஷம் சென்னைக்கு அறிக்கை போய்க்கொண்டிருந்தது. இப்பேர்ப்பட்ட காவலை வேறு எந்த இலாகாவில் பார்க்க முடியும்? காசிலிங்கம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பன்னிரண்டு வருஷத்தில் கண்ணால் கண்ட ஒரே முத்து, ஆபீஸ் ரப்பர் முத்திரையில் செதுக்கியிருந்ததுதான்.

மாசி மாதம் பிறந்த கையோடு சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காசிலிங்கம் அதை இரண்டு தரம் படித்தார். யுத்த காலம், உணவுப் பஞ்சம், முத்து இல்லாத கடலுக்கு ஒரு காவல் ஆபீஸ் எதற்கு என்று யாரோ ஒரு பொல்லாதவன் மேலிடத்தில் கேட்டிருந்தான். ஆகவே, ஆற்றுப் படுகைகளில் பழச் சாகுபடியைப் பெருக்குவதற்காக, நாகர்கோவில் பக்கத்தில் பெட்டியில் வைத்து வளர்க்கும் தேனீக்கள் இருபது பெட்டி இந்த ஆபீஸ் வசம் ஒப்படைக்கப்படும். தேனீ பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால் காய்ப்பு இரட்டிக்கும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். சித்திரைக்குள் பலன் தெரியாவிட்டால் ஆபீஸ் இழுத்து மூடப்படும்.

பென்ஷனுக்கு இன்னும் இரண்டே வருஷம். காசிலிங்கம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஹெட் கிளார்க்கைக் கூப்பிட்டார்.

“என்ன வே அருணாசலவடிவு, தேனீயைப் பத்தி உமக்கு என்ன தெரியும்?”

“கொட்டும் சார்.”

“அது எல்லாருக்கும் தெரியும். விதி இருக்கா?”

“நம்மகிட்ட முத்துச் சிப்பிக்குத்தான் விதிப் புத்தகம் இருக்கு சார்.”

காசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பெரிய மனிதர்களுக்கு யோசனை வரும் விதமே தனி. அது வரும்போது நடுவில் புகுந்து பேசக்கூடாது.

“சிப்பி கூட்டமாக் கெடக்கும். தேனீயும் கூட்டமா இருக்கும். சிப்பிக்குள்ள வெலை ஒசந்த சாமான் இருக்கு. தேனீகிட்டயும் இருக்கு. பொதுஜனம் தொட்டா ரெண்டுமே கையைப் பதம் பாத்துரும். அப்ப என்ன வே வித்தியாசம்?”

“சிப்பி பறக்காதே சார்.”

“அது சின்ன விஷயம். அடியில ஒரு குறிப்பு எழுதிரும்.”

அருணாசலவடிவு மூன்று நாள் சிவப்பு மையும் கையுமாக உட்கார்ந்தார். புத்தகத்தில் ‘சிப்பி’ என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து ‘தேனீ’ என்று எழுதினார். ‘கடல்’ தோட்டமாயிற்று. ‘குளிப்பவர்’ விவசாயி ஆனார். நான்காம் நாள், உலகத்தின் முதல் தேனீ விதிப் புத்தகம் சூப்பிரண்டின் மேஜையில் மை காயாமல் இருந்தது. நிபுணர்கள் முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்தாலும் இவ்வளவு சீக்கிரம் முடித்திருக்க மாட்டார்கள்.

புத்தகத்தைப் பிரித்ததும் கண்ணில் பட்டது ஒன்பதாம் விதி. ‘தனியார் எவரும் அனுமதியின்றித் தேனீ வைத்திருக்கலாகாது.’ சர்க்கார் தேனீ வந்து இறங்குவதற்குமுன் அனுமதியில்லாத தேனீக்களை ஒழித்தாக வேண்டும். இரண்டும் கலந்து பழகினால் சர்க்கார் தேனீயின் நடத்தை என்ன ஆவது? பியூன் அய்யாக்குட்டி காய்ந்த பனையோலையைப் பந்தமாகக் கட்டிக்கொண்டு புறப்பட, காசிலிங்கமும் மேற்பார்வைக்குக் கூடவே போனார்.

ஆத்தூருக்குப் பக்கத்தில், தாமிரபரணிப் படுகை மணலில் சங்கரம்மாள் வெள்ளரி போட்டிருந்தாள். பழமாகிற வெள்ளரி. சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, மாவாக இருக்கும். ஒரு துண்டு கருப்பட்டியோடு தின்றால் ஒரு வேளை பசி போய்விடும். அவளுடைய புருஷன் வெள்ளத்துரை ரங்கூனுக்குப் போனவன். அங்கே குண்டு விழுந்ததற்குப் பிறகு தபால் இல்லை. வீட்டில் ஐந்து வயிறு. ரேஷன் அரிசி பாதி வயிற்றுக்குக் காணும். மீதிப் பாதிக்கு அந்தக் கொடியை விட்டால் வேறு கதி இல்லை. படுகை ஓரத்து மருதமரப் பொந்தில் ஒரு தேன்கூடு இருந்தது. அந்தத் தேனீதான் வருஷா வருஷம் அவள் கொடிக்குக் காய் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“ஐயா, வேண்டாம்யா. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அது இங்கனதான் இருக்கு. யாரையும் ஒண்ணும் செஞ்சதில்ல.”

“லைசென்ஸ் இருக்கா?”

“ஈக்கா?”

“உனக்கு.”

சங்கரம்மாளுக்கு விளங்கவில்லை. இப்படித்தான் பாமரர்கள் சட்டம் தெரியாமல் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள். அய்யாக்குட்டி பந்தத்தைக் கொளுத்திப் பொந்தில் சொருகினான். புகையோடு புகையாகத் தேனீக்கள் உதிர்ந்தன.

“பாவி, பூ எடுத்திருக்க நேரம்லா! நாலு நாள்ல பெண் பூ விரிஞ்சிரும். ஈ தொடலன்னா பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதுந்து போவும்யா.”

“அழாத. அதுக்குத்தான் சர்க்கார் தேனீ வருது. சும்மா மரத்துல கெடந்த ஈ இல்ல. பழகுன தேனீ. படிச்ச தேனீன்னே வச்சுக்கோயேன்.”

சங்கரம்மாள் கருகிய பொந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றியில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று காசிலிங்கம் நினைத்துக்கொண்டார். மனசுக்கு நிறைவாக இருந்தது.

சொன்ன வாக்குத் தவறாமல் இருபது பெட்டியும் வந்து சேர்ந்தன. கூடவே எபனேசர் வந்தார். நாகர்கோவில் பக்கத்தில் பரம்பரையாக அல்ல, ஆசைப்பட்டுத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொண்ட ஒல்லியான மனிதர். வெறுங்கையைப் பெட்டிக்குள் விட்டு அடையைத் தூக்குவார். தேனீ அவர் விரலில் ஊர்ந்துவிட்டு இறங்கிப் போகும். அது ஒழுங்கீனம் என்று காசிலிங்கத்துக்குப் பட்டது. ஆனாலும் வந்தவரை முதல் நாளே கண்டிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பெட்டிகளை இறக்கி வைத்த இடம் ஆபீஸின் பின்புறம் இருந்த பழைய சிப்பி வேலி. முள் அடைத்த மணல் திடல். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம். அந்த வட்டாரத்தில் பூக்கிற ஒரே பொருள் உப்புதான்.

“சாரே, இங்கன எதுக்கு எறக்கச் சொன்னிய? சுத்தி மணலும் உப்பும்லா கெடக்கு. நேரே ஆத்தூருக்குக் கொண்டுபோணும்” என்றார் எபனேசர்.

“முதல்ல மாதிரி எடுக்கணும். பதினொண்ணாம் விதி.”

“தேன் மாதிரியா? ஒரு அடை அறுத்துத் தாறேன்.”

“தேன் இல்ல. தேனீ.”

அருணாசலவடிவு கணீரென்ற குரலில் விதியைப் படித்தார். “‘ஆயிரத்துக்குக் குறையாத தேனீக்களை எடுத்து, வேலிக்குள் குவித்து, சதை அழுகிப் பிரியும்வரை ஏழு நாள் மூடி வைத்திருந்து, பின்னர் உப்புநீரில் அலசி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே தோட்டத்தில் இறங்க அனுமதி.’”

எபனேசர் முதலில் சிரித்தார். அரக்குக் குச்சியோடு அய்யாக்குட்டி ஒரு பெட்டியின் வாசலை அடைக்க உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

“சாரே, இது சிப்பி இல்ல. உசுரு.”

“சிப்பிக்கும் உசுரு உண்டு வே. அதுக்காகச் சர்க்கார் விதியை விட முடியுமா?”

முதல் நாள் முழுக்க அந்தப் பெட்டி ரீங்காரம் இட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் சத்தம் நின்றது. எபனேசர் அன்று சாப்பிடவில்லை. எட்டாம் நாள் பெட்டியைத் திறந்து, கடல்நீரில் அலசி, சல்லடையில் அரித்துப் பார்த்து, காசிலிங்கம் தம் கைப்பட அறிக்கை எழுதினார். ‘முத்து: இல்லை. தேன்: தனியே காணப்படவில்லை. நாற்றம்: உண்டு.’ பாரபட்சமற்ற அறிக்கை என்றால் அதுதான்.

இதற்குள் ஆத்தூரில் பெண் பூ விரிந்துவிட்டது. வெற்றிலைக் கட்டு ஏற்றிய வண்டியில் தொற்றிக்கொண்டு சங்கரம்மாள் தூத்துக்குடிக்கு வந்தாள்.

“ஐயா, ஈ எப்பம்யா வரும்? ஒரு வாரமாப் பிஞ்சு எல்லாம் உதுந்துக்கிட்டே கெடக்கு. இன்னும் ரெண்டு வாரம் போச்சுன்னா பூவே இருக்காது.”

“விண்ணப்பம் எழுதணும். உன் தோட்டத்துல மொத்தம் எத்தனை பூ? ஆண் தனி, பெண் தனி.”

“நேத்து விரிஞ்சது நாப்பது பெண் பூ இருக்கும்யா.”

“நாப்பதுன்னு எழுதும் வே.”

“அது இன்னைக்கு வாடிப் போயிருக்குமே. ஒரு பொழுதுதான் பூவு. நாளைக்கு வேற நாப்பது விரியும்.”

காசிலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “தினம் தினம் மாறிக்கிட்டிருந்தா எந்தப் பூவுக்கு அனுமதி குடுக்க? முதல்ல பூவை ஒரு நிலைக்குக் கொண்டா. பொறவு வா.”

சங்கரம்மாளுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் எபனேசர் அவளை நிறுத்தினார்.

“யம்மா, இவங்களை நம்பாத. ஈ செய்யுத வேலைய நீயே செய்யலாம். விடியக்காலம் வெயிலு ஏறு முன்ன ஆண் பூவைப் பறி. எதழ உரிச்சுரு. நடுவுல மஞ்சத் தூளு இருக்கும்லா, அதைப் பெண் பூவுக்குள்ள பைய தொட்டு வை. அடியில குட்டிப் பிஞ்சு வச்சிருக்கது பெண் பூ. ஒண்ணையும் விடாத.”

“அவ்வளவு பூவையுமா?”

“ஈ தெனமும் செய்யுதுல்லா.”

சங்கரம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். காசிலிங்கம் ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார். ஒப்புதல் இல்லாமல் பொதுஜனத்தோடு பேசியதற்கு எபனேசரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பு அனுப்பினார்.

அதுவரை காற்று மட்டும் போகும்படி வலைத்துணி கட்டி அடைத்து வைத்திருந்த மீதிப் பத்தொன்பது பெட்டிக்கும் பதினான்காம் விதிப்படி வெள்ளோட்டம் நடந்தது. முத்துக் குளிக்கும் காலத்தில் விடியும்போது பீரங்கி வெடிக்கும், தோணிகள் புறப்படும். உச்சிப் பொழுதில் கொடி ஏறும், எல்லாத் தோணியும் கரைக்குத் திரும்ப வேண்டும். யுத்த காலத்தில் பீரங்கி வெடித்தால் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று ஊர் ஓடிவிடும். அதனால் அய்யாக்குட்டி வேலி நடுவில் நின்றுகொண்டு வாயாலேயே ‘டுமீல்’ என்று கத்திவிட்டுப் பெட்டி வாசல்களைத் திறந்தான். ஒரு வாரப் பட்டினியில் கிடந்த தேனீக்கள் புயலாகப் புறப்பட்டன. உச்சிப் பொழுதில் கொடி ஏறியது. ஒரு தேனீயாவது திரும்ப வேண்டுமே!

பொழுது சாயும் நேரத்தில் கருப்பட்டி மண்டி வன்னியபெருமாள் அண்ணாச்சி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு கண் வீங்கி அடைத்திருந்தது.

“சூப்பிரண்டு ஐயா, உங்க ஈயெல்லாம் எங்க கடையில வந்து குடியேறிட்டு. ஒரு கருப்பட்டிச் சிப்பம் கண்ணுக்குத் தெரியல. மொத்தமும் ஈ. வந்து கூட்டிக்கிட்டுப் போங்க.”

எபனேசர் துள்ளி எழுந்தார். “பசியிலே போயிருக்கு. நான் போயி ராணியப் பிடிச்சுப் பெட்டியில விட்டா எல்லாம் பின்னாலே வந்துரும்.”

“உக்காரும் வே” என்றார் காசிலிங்கம். சர்க்கார் தேனீ கடையில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், சர்க்கார் தேனீ கட்டுப்பாட்டை மீறி ஓடிப்போனது என்றும் ஒப்புக்கொண்டதாகும். ஓடிப்போன தேனீயை வைத்துக்கொண்டு ஆபீஸை எப்படிக் காப்பாற்றுவது? சட்டென்று தெளிவு பிறந்தது.

“அது எங்க தேனீ இல்ல, அண்ணாச்சி. எங்க தேனீ உச்சிக்கே வந்து படுத்துட்டு. உங்க கடையில இருக்கது அனுமதியில்லாத ஈ.”

“அப்ப நான் வேப்பம் புகை போடலாமா?”

“தாராளமா.”

“எழுத்துல குடுங்க.”

காசிலிங்கம் எழுத்தில் கொடுத்தார். முத்திரையும் குத்தினார். அன்று கருப்பட்டி மண்டியில் செத்து விழுந்ததை இரண்டு கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். தப்பிய சில ஆயிரம் தெற்கே பார்த்துப் பறந்தன. மறுநாள் எபனேசரும் தெற்கே போய்விட்டார். போகிற மனிதர், சூப்பிரண்டு ஐயாவிடம் விடைபெறக்கூட இல்லை. நாற்பது வருஷத்தில் மனிதர்கள்மேல் தமக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை என்று அய்யாக்குட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆபீஸ் அமைதியாக நடந்தது. பத்தொன்பது காலிப் பெட்டிக்கும் அரக்கு வைத்து, இரண்டு காவல்காரர்களை நிறுத்தி, வாரா வாரம் சென்னைக்கு அறிக்கை போயிற்று. ‘தேனீக்கள் மிகுந்த கட்டுப்பாட்டுடன் உள்ளன. வெளியே வருவதே இல்லை. பொதுமக்களிடமிருந்து புகார் இல்லை.’ மேலிடத்துக்கு வெகு திருப்தி. இதன் விளைவாகப் பெரிய துரையே சித்திரை கடைசியில் நேரில் வந்து, தேனீயால் விளைந்த பழத்தைப் பார்ப்பதாகக் கடிதம் வந்தது.

காசிலிங்கத்துக்கு இரண்டு நாள் காய்ச்சல். பழத்துக்கு எங்கே போவது? மூன்றாம் நாள் அருணாசலவடிவு ஓடிவந்தார்.

“சார், ஆத்தூர் சங்கரம்மா தோட்டத்துல கால் வைக்க எடமில்லையாம். கொடி தெரியாம வெள்ளரிப்பழம் கெடக்காம்.”

காசிலிங்கத்தின் கண்ணில் நீர் தளும்பியது. “பாத்தீரா வே! திட்டம்னா அதுதான் திட்டம்! இருபதாம் விதி என்ன சொல்லுது?”

“‘கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு விவசாயிக்கு.’”

இரண்டு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு எல்லோரும் ஆத்தூர்ப் படுகைக்குப் போனார்கள். சொன்னது பொய்யில்லை. வெடித்த பழங்கள் சிந்திவிடாமல் சங்கரம்மாளும் அவள் கொழுந்தன் பெண்டாட்டி செண்பகமும் பனையோலையால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் சங்கரம்மாள் எழுந்து நின்றாள்.

“எதுக்குய்யா வண்டி?”

“சர்க்கார் பங்கை எடுக்க. சர்க்கார் தேனீ வச்ச காயில மூணுல ரெண்டு.”

“ஈயா? எந்த ஈ? ஒரு ஈ வந்ததாய்யா இங்கன? நானும் இவளும் பதினாலு நாள், விடியுமுன்ன எழுந்திரிச்சு, ஒவ்வொரு பூவா எங்க கையால தொட்டு வச்சோம். குனிஞ்சு குனிஞ்சு இவளுக்கு முதுகு நிமிரல. இந்தா பாருங்க விரல.” அவளுடைய விரல் நகக்கண்ணெல்லாம் மஞ்சள் ஏறிப்போயிருந்தது.

காசிலிங்கம் தடுமாறவில்லை. விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்த மனிதர் அல்லவா? அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்.

“அப்ப தேனீ செய்ய வேண்டிய வேலைய நீ செஞ்சிருக்க?”

“ஆமாய்யா. நான்தான் செஞ்சேன்.”

“தேனீ வேலையச் செஞ்சா நீ தேனீ. திட்டத்துக்கு உட்பட்ட எடத்துல இருக்க தேனீயெல்லாம் சர்க்கார் சொத்து. குளிச்சவனுக்குப் பங்கு உண்டு. சிப்பிக்குப் பங்கு உண்டா? கெடையாது. அப்ப மொத்தப் பழமும் சர்க்காருக்கு.”

செண்பகம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அருணாசலவடிவுக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் சங்கரம்மாள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். “தேனீதான் செஞ்சதுன்னு ஒரு கைநாட்டு வச்சுரு தாயி. மூணுல ஒரு பங்காவது மிஞ்சும்.”

“நான் செஞ்சேன்னு நெசத்தச் சொன்னா ஒண்ணுமில்ல. வராத ஈ வந்ததுன்னு பொய்யச் சொன்னா ஒரு பங்கு. அப்படித்தானே?”

“விதி தெளிவா இருக்கு” என்றார் காசிலிங்கம்.

சங்கரம்மாள் வீட்டில் இருக்கிற ஐந்து வயிற்றையும் நினைத்துக்கொண்டாள். மஞ்சள் ஏறிய கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தாள். ஒரு வருஷச் சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு அவள் கண்முன்னாலேயே வண்டியில் ஏறியது. வண்டிக்காரன் பழம் நசுங்காமல் அடுக்கினான். அந்த ஒரு தயவு இருந்தது.

கைநாட்டு சென்னைக்குப் போனது. பெரிய துரை வந்தார். பழைய சிப்பி வேலிக்குள் பந்தல் போட்டு, பத்தொன்பது பெட்டிக்கும் மாலை சாத்தியிருந்தார்கள். துரை ஒரு பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

“சத்தமே இல்லையே?” என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஒழுங்கு, துரை அவர்களே” என்றார் காசிலிங்கம்.

திறந்து பார்க்கலாமா என்று துரை கேட்டதற்கு, ஓய்வில் இருக்கும் தேனீயைத் தொந்தரவு செய்தால் முகத்தைப் பார்த்துக் கொட்டும் என்று காசிலிங்கம் பணிவோடு சொன்னார். துரை இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். பிறகு பிரசங்கம் செய்தார். முத்துக் காவல் ஆபீஸ் இனி நிரந்தரம். அடுத்த வருஷம் நாற்பது பெட்டி. தாமிரபரணிக் கரை முழுவதும் அனுமதியில்லாத தேன்கூடுகளை ஒழித்து, இந்த அருமையான திட்டத்தை விரிவுபடுத்த வேண்டும். காசிலிங்கத்தின் சேவையை மேலிடம் மறக்காது. காசிலிங்கம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அழுதது நிஜம். பென்ஷன் கைக்கு வந்த நிம்மதியில் யாருக்குத்தான் அழுகை வராது?

மேஜைமேல் பீங்கான் தட்டுகளில் சங்கரம்மாளின் வெள்ளரிப்பழத்தை அறுத்து, சீனி தூவி வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் ரேஷன் கடை வாசலில் சீனிக்குத் தவம் கிடந்த வருஷம் அது. துரை ஒரு துண்டு தின்று, பிரமாதம் என்றார். காசிலிங்கமும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பயன் பெற்ற விவசாயி என்று சங்கரம்மாளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துரை வாயைத் துடைத்துக்கொண்டு அன்பாக ஏதோ கேட்டார். காசிலிங்கம் பழத்தை மென்றுகொண்டே அதைத் தமிழில் சொன்னார்.

“சர்க்கார் தேனீ எப்படின்னு துரை கேக்காவ. பயப்படாமச் சொல்லு.”

சங்கரம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“நல்ல தேனீங்கய்யா. பூ விரிஞ்ச அன்னைக்கு ஒண்ணையும் காணல. பிஞ்சு உதுந்த அன்னைக்கும் காணல. பழம் வெடிச்ச அன்னைக்குத்தான் ரெண்டு வண்டி கட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தா, நாக்காலியில உக்காந்து தின்னுக்கிட்டுல்லா இருக்கு.”